மலை வீட்டுக்குள் காற்று கெடுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு என்றால் குளிர் நுழையாமல் அடைப்பதுதான் முதல் வேலை. ஜன்னல் இடுக்கில் துணி, கதவுக்கு அடியில் சாக்கு, வென்டிலேட்டரில் அட்டை. வெளியே அருமையான காற்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே மூச்சு முட்டும். இந்த மலையில் வீட்டுக்குள் காற்று கெட இரண்டு காரணங்கள்தான் பெரியவை. ஒன்று, எரிகிற பொருளிலிருந்து வரும் புகையும் வாயுவும். இன்னொன்று, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும் ஈரம். உங்கள் வீட்டில் எது என்று தெரியாமல் பெயின்ட்டுக்கும் கருவிக்கும் செலவு செய்யாதீர்கள்.

எந்தத் தொந்தரவாக இருந்தாலும் ஒரு வாரம் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எந்த நேரத்தில் வருகிறது, எந்த அறையில் வருகிறது, வெளியே போனால் குறைகிறதா. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும். ஆனால் முதலில் சொல்லப் போகிற அறிகுறிக்கு ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது.

எழுந்ததும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. வெளியே வந்தால் தெளிகிறது

ஒருவருக்கு மட்டும் என்றால் ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரே அறையில் படுத்த இரண்டு மூன்று பேருக்கும் சேர்ந்து வந்தால், அந்த அறையிலோ பக்கத்திலோ ஏதாவது எரிந்திருந்தால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுதான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். போகிற வழியில் கதவு ஜன்னலைத் திறக்க முடிந்தால் திறங்கள். யாராவது குழறிப் பேசினாலோ மயங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்வெட்டரையும் போனையும் எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் "அறையில் கரி எரிந்தது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் ஏமாற்றும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. 98 என்று காட்டிக்கொண்டே ஆள் சாய்ந்துவிடலாம். நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அதற்குரிய ரத்தப் பரிசோதனைக்குப் போவார்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் இது வருகிற வழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது கரிச்சட்டி. "புகை இல்லை, நல்ல தணல்தானே" என்று தணலை அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுவருவார்கள். புகை நின்று சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் இந்த வாயுவை அதிகம் விடுவது. கண் எரியாததால் யாருக்கும் சந்தேகம் வராது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும் என்கிறார்கள், போதாது. தூங்குகிற அறையில் கரி கூடவே கூடாது, இதில் சமரசம் இல்லை. பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய சுற்றுலாப் பயணிகள் கொடைக்கானலில் இறந்திருக்கிறார்கள். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் விருந்தினர் சாப்பிட்டு முடித்ததும் அடுப்பைத் தாங்களே வாங்கி, தண்ணீர் ஊற்றி அணைத்து, வெளியே வைத்துவிட்டுப் படுக்கப் போவது நல்லது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாது. அவர்கள் குளிரைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது குளியலறைக்குள் மாட்டிய காஸ் கீசர். குளிருக்காக வென்டிலேட்டரை அடைத்துவிட்டு அதை ஓட்டினால், குளித்துக்கொண்டிருக்கும்போதே கால் தளர்ந்து விழுவார்கள். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும். இடம் மாற்ற முடியாத வாடகை வீடு என்றால், வாளியில் நிரப்பி, கீசரை அணைத்து, அப்புறம் கதவைச் சாத்திக் குளியுங்கள்.

மூன்றாவது சமையல் அடுப்பின் சுடர். விளக்கை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். நல்ல பர்னரில் சுடர் நீலமாக, ஒவ்வொரு துளையிலும் ஒரே உயரத்தில், நடுங்காமல் நிற்கும். நுனி மஞ்சளாக நீண்டு ஆடினால், பாத்திரத்தின் அடியில் தொட்டால் ஒட்டுகிற கரி பிடித்தால், காஸ் முழுதாக எரியவில்லை என்று பொருள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதே துளை வழியாக அடுப்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. கீழே நன்றாக எரிந்த அடுப்பு இங்கே மஞ்சளாக எரிவதில் ஆச்சரியம் இல்லை. பர்னரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் மஞ்சள் போகவில்லை என்றால் அடுப்பு ரிப்பேர்காரரை வரவழைத்துக் காற்று விடும் அளவைச் சரிசெய்யுங்கள்.

போர்ட்டிகோவுக்கு மேலே படுக்கையறை இருந்தால், காலையில் வண்டியைச் சூடாக்க கீழேயே ஓடவிடுவதும், கரண்ட் போனபோது ஜெனரேட்டரை வராந்தாவில் வைப்பதும் இதே கணக்குதான்.

கணப்போ விறகடுப்போ காஸ் கீசரோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள். பேட்டரியில் ஓடும், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். புகை அலாரம் வேறு, இது வேறு. கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள்.

காஸ் வாடை

ரெகுலேட்டரை மூடுங்கள், ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள் (அணைக்கக்கூட வேண்டாம்), கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வெளியேற்ற நினைப்பது இரட்டைத் தப்பு. உறைபனி நாளில் காஸ் மெதுவாக வருவது சகஜம். அதற்காகச் சிலிண்டரை அடுப்புப் பக்கம் நகர்த்துவதும் வெந்நீர் ஊற்றுவதும் வேண்டாம்.

கணப்பைப் பற்றவைத்தால் புகை அறைக்குள் திரும்புகிறது

பற்றவைத்த முதல் சில நிமிடங்கள் மட்டும் திரும்பி, அப்புறம் சரியானால், புகைபோக்கிக்குள் குளிர்ந்த காற்று கட்டி நிற்கிறது. நாலைந்து செய்தித்தாளைச் சுருட்டிப் பற்றவைத்து, புகைபோக்கி வாய்க்கு நேராகப் பிடித்து முதலில் அதைச் சூடாக்குங்கள். மேலே இழுக்க ஆரம்பித்ததும் விறகுக்குத் தீ வையுங்கள்.

கடைசிவரை திரும்புகிறது என்றால் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உடனே நின்றால் காரணம் புகைபோக்கி இல்லை, நீங்கள் வீட்டை அடைத்த அடைப்பு. மேலே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது மட்டும் புகை வந்தாலும் இதேதான். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றை வீடு புகைபோக்கி வழியாக உள்ளே இழுக்கிறது.

ஜன்னல் திறந்தும் நிற்கவில்லையா? அப்போது அடைப்பைப் பாருங்கள். பறவைக் கூடு, உடைந்த செங்கல், உள்சுவரில் படிந்த கரிப்பிசின். இந்தப் பிசின் கணப்பின் சூட்டில் தீப்பிடிக்கும். பனிக்காலம் தொடங்கும் முன் வருடம் ஒருமுறை ஆள் வைத்துத் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். பழைய பங்களாக்களில் மூடிப் போட்டுப் பல வருடம் கிடந்த கணப்பை விருந்தாளிக்காகத் திடீரென்று பற்றவைப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது.

விறகு இன்னொரு காரணம். வெட்டியதும் மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். எரிக்கிற விறகில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. சீகையோ (வாட்டில் மரம்) கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போகும்படி அடுக்கி, குறைந்தது ஒரு கோடையாவது காய விடுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'பொத்' என்று கேட்டால் இன்னும் காயவில்லை. தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்திய விறகு காயாது, அழுகும்.

சுவரில் கரும்புள்ளி, பூசணம், ஓத வாடை

மலை வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது, அதிகம் பணம் வீணாகிற இடமும் இது. ஈரம் வெளியிலிருந்து சுவர் வழியாக ஊறி வருகிறதா, அல்லது வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் வேர்க்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஊறுகிற சுவருக்கு எத்தனை ஜன்னல் திறந்தாலும் பயனில்லை. வேர்க்கிற சுவருக்கு வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தால் பெயின்ட்டின் மேலேயே பூசணம் வரும்.

கண்டுபிடிக்கச் சமையலறை அலுமினியத் தாள் போதும். புள்ளி உள்ள இடத்துக்குப் பக்கத்தில் சுவரைத் துடைத்து, ஒரு முழம் நீளத் தாளை ஒட்டுங்கள். சாதா செல்லோடேப் ஓதச் சுவரில் நிற்காது; அட்டைப்பெட்டி ஒட்டும் பிரவுன் டேப்பால் நாலு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். இரண்டு இரவு விடுங்கள். விடிகாலையில் முதலில் அறைப் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். முத்து முத்தாக நீர் இருந்தால் அது அறையின் நீராவி. அப்புறம் தாளை உரித்து, சுவரை ஒட்டியிருந்த பக்கத்தைப் பாருங்கள். அது நனைந்திருந்தால் சுவர் ஊறுகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு வேலையும் இருக்கிறது. ஊற்றை முதலில் அடையுங்கள்.

கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். ஊறுகிற சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்து, தரையிலிருந்து முழங்கால் இடுப்பு உயரம்வரை கறை ஏறியிருக்கும். வேர்க்கிற சுவரில் பீரோவுக்குப் பின்னாலும், வெளிச்சுவர் மூலையிலும், ஜன்னலுக்கு மேலும் கரும்புள்ளியாகத் தூவியிருக்கும்.

ஊறுகிற வீடு பெரும்பாலும் சரிவை வெட்டிக் கட்டிய வீடு. பின்சுவரில் மண் சாய்ந்து கிடக்கும், மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து நேராகச் சுவருக்கு வரும். எந்த மாதத்தில் கறை வளர்கிறது என்பதும் ஒரு துப்பு: கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. அந்தந்த மழையோடு கறை ஏறி, வெயிலில் இறங்கினால் ஊற்றுதான். மண்ணைச் சுவரிலிருந்து விலக்கி, வீட்டின் உள்தரையைவிடத் தாழ்வாக வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தையும், சன்ஷேடு விரிசலையும், குளியலறைக் குழாய் மூட்டையும் பாருங்கள். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால், அதன்மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பதை நிறுத்துங்கள். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்படி கட்டப்பட்டது, அதன் வாயை அடைக்கிறீர்கள். சுண்ணாம்பு அடித்தால் ஈரமும் வெளியேறும், அதன் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது.

வேர்க்கிற வீட்டில் ஈரத்தை உண்டாக்குவது நாம்தான். ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 40 கிராம் அளவுக்கு நீரை வெளியே விடுகிறார். நாலு பேர் ஓரறையில் எட்டு மணி நேரம் தூங்கினால் லிட்டருக்கு மேல் ஆகிறது. ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு மழைக்காலத்தில் ஹாலில் கொடி கட்டி உலர்த்துகிற துணி. எல்லாம் சேர்ந்து வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் உட்காரும்.

"வெளியே மூடுபனி, ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம் வராதா?" என்று கேட்பீர்கள். உள்ளே வெளியைவிடச் சூடாக இருந்தால் வராது. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 9 கிராம், 20 டிகிரியில் 17 கிராம். மூடுபனிக் காற்றாகவே இருந்தாலும், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அடைத்த வீட்டுக் காற்றைவிட அது உலர்ந்த காற்று. உள்ளேயும் அதே குளிர் என்றால்தான் திறப்பதில் லாபம் இல்லை. அதனால் வெயில் உள்ள நாளில் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை எதிரெதிர் ஜன்னல்களை விரியத் திறங்கள். விடாமல் தூறுகிற நாளில் முதலில் அறையைச் சூடாக்குங்கள், அப்புறம் ஐந்து பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்து மூடுங்கள். சுவரும் சாமானும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காற்று மட்டும் மாறும். நாள் முழுக்க ஒரு ஜன்னலை இடுக்காகத் திறந்து வைப்பதில் வீடுதான் குளிரும், காற்று சரியாக மாறாது.

சூட்டுக்கு மின்சார ஹீட்டர், எண்ணெய் நிரப்பியதாக இருந்தால் நல்லது. புகைபோக்கி இல்லாத காஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர்கள் ஈரத்தையும் கூட்டும், விஷ வாயுவையும் விடும். பீரோ, கட்டில் தலைப்பலகையை வெளிச்சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். சமைக்கும்போது மூடி போடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுச் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். துணியை ஒரே அறையில் உலர்த்தி, அந்த ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

இருக்கிற பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், விதைத்தூள் வீடெல்லாம் பறக்கும். என்-95 மாஸ்க், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை முழுக்கக் காயவிடுங்கள். பிளீச் அவசியமில்லை. போட்டே தீருவேன் என்றால் டாய்லெட் ஆசிட்டோடும் அம்மோனியாவோடும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், சேர்ந்தால் விஷ வாயு வரும். பூசணம் பிடித்த ஜிப்சம் பலகையையும் பிளைவுட்டையும் துடைத்துப் பயனில்லை, கழற்றி எறியுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இந்த வேலை நடக்கும்போது வீட்டில் இருக்க வேண்டாம்.

மழை இல்லாத காலையில் தகரக் கூரை சொட்டுகிறது

ஓட்டை தேடி ஏறாதீர்கள். உறைபனி இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துவிடும், வீட்டு நீராவி அதன் அடியில் நீராகும். வெயில் பட்டதும் சொட்டும். சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள இடம் காற்றாட இரண்டு முகப்புச் சுவரிலும் வலை அடித்த துளை வேண்டும். சமையலறை ஃபேன் அந்த இடத்துக்குள் ஊதாமல் வெளியே ஊதுகிறதா என்றும் பாருங்கள். தகரத்துக்குப் பதில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ பாசியை உலரச் சுரண்டவோ கூடாது.

படுத்தால் தும்மல், மூக்கடைப்பு. பகலில் சரியாக இருக்கிறது

படுக்கையைச் சந்தேகப்படுங்கள். மெத்தையிலும் கம்பளியிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி இருக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது செழிக்கும், மலை வீட்டில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். உறை, விரிப்பைக் கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டாலும் 60 டிகிரி சூட்டில் வாரம் ஒருமுறை துவையுங்கள். அந்தச் சூட்டைத் தாங்காத கம்பளியை, வெயில் கிடைக்கிற அன்று கல் மேல் விரித்து மதியமே எடுத்துவிடுங்கள். சாயங்காலப் பனி இறங்கினால் போட்ட உழைப்பு போச்சு. எழுந்ததும் படுக்கையை மடிக்காமல் ஒரு மணி நேரம் விரித்துப் போடுவதும் உதவும், இரவின் வேர்வை ஈரம் அதற்குள் போய்விடும்.

படுக்கை மாற்றியும் குறையவில்லை என்றால் அந்த அறையில் ஊதுபத்தி, கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா என்று பாருங்கள். கூடலூர் மாதிரித் தாழ்ந்த இடத்தில் கொசு உண்டு. அங்கே வலைதான் சரி. மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பூட்டிவைத்த வீட்டைத் திறந்ததும் சாக்கடை நாற்றம்

தளத்தில் உள்ள வடிகால் வளையில் (ட்ராப்) நாற்றத்தைத் தடுத்து நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டது, செப்டிக் டேங்க் வாயு நேராக மேலே வருகிறது. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அடுத்த முறை பூட்டும்போது அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

வெளியிலிருந்தே புகை வருகிறது

இங்கே மட்டும் அடைப்பதுதான் சரி. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை காடு காய்ந்திருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பிடித்த காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைத்து, விறகும் ஊதுபத்தியும் கொளுத்தாமல் இருங்கள். காற்று திரும்பியதும் உடனே திறந்துவிடுங்கள்.

கருவி வாங்கலாமா?

ஏர் பியூரிஃபையர் புகைத்தூளுக்கும் தூசிக்கும் நல்லது, மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருந்தால். கார்பன் மோனாக்சைடை அது தொடவே தொடாது, ஈரத்தையும் குறைக்காது. பூசண வீட்டில் அதை வாங்குவது வீண். தொட்டிச் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதையும் நம்பாதீர்கள். மலை வீட்டுக்குள் அது ஈரத்தைத்தான் கூட்டும்.

ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸர் வைத்தவை 15 டிகிரிக்குக் கீழே திணறும், ஊட்டிப் பனிக்காலத்தில் அறை அதற்குக் கீழேதான் இருக்கும். குளிருக்கு ஏற்றது, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை. கரண்ட் கொஞ்சம் கூட இழுக்கும். சின்ன பீரோவுக்குக் கால்சியம் குளோரைடு டப்பாவே போதும், நிரம்பிய நீரை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கொட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். படுக்கையறையில் வெளிச்சுவர்ப் பக்கம் வைத்து, இரவு படுக்கும்போதும் காலையிலும் எண்ணைக் குறியுங்கள். 60-க்குக் கீழே நின்றால் பூசணத்துக்கு இடமில்லை. காலையில் 75, 80 என்று காட்டினால், அன்றைக்கு மதியம் ஜன்னலைத் திறந்துவிட்டு, மறுநாள் காலை எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.